செயற்கை நுண்ணறிவு ஆசிரியரோடு சீனம் பேசிப் பழகுவது: எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவர் ஈரோட்டில் மொத்த வியாபாரம் செய்பவர். சீன மொழித் திறன் தேர்வான எச்எஸ்கேயில், பழைய ஆறு நிலைத் திட்டத்தின்படி இரண்டாம் நிலையைத் தாமாகவே படித்து முடித்திருக்கிறார். அடுத்த ஆண்டு குடை, பை போன்ற சாமான்களைக் கொள்முதல் செய்யச் சீனாவின் யீவூ சந்தைக்குப் போகவிருக்கிறார். ஊரில் சீன ஆசிரியர் கிடைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு தினமும் பேசிப் பழகினால் போதுமா, அது தம் தொனிகளை, அதாவது சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கங்களை, திருத்துமா என்று கேட்கிறார்.

வாயைத் திறந்து தயங்காமல் பதில் சொல்லும் பழக்கத்தை அது நன்றாகவே தரும். தொனியைத் திருத்தும் பொறுப்பை மட்டும் அதனிடம் விடக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், செயலி புரிந்துகொண்டுவிட்டது என்பதையே சரியான உச்சரிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் மாதக்கணக்கில் பழகியும் கடைக்காரர் முன்னால் விழிக்கிறார்கள்.

அந்தப் பழைய திட்டத்தில் எச்எஸ்கே இரண்டாம் நிலை என்பது 300 சொற்கள். முதல் இரண்டு நிலைகளின் தேர்வில் கேட்டலும் வாசித்தலும் மட்டுமே உண்டு, பேச்சுக்குத் தனியாக எச்எஸ்கேகே என்ற வேறொரு தேர்வு இருக்கிறது. ஆகவே, இரண்டாம் நிலையில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கூட ஒரு வாக்கியத்தையும் பிறர் காதில் விழும்படி பேசாமலேயே அந்த இடத்துக்கு வந்திருக்க முடியும்.

செயலி உங்கள் பேச்சை எப்படிக் கேட்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பெரும்பாலான செயலிகளில் உங்கள் குரலை ஒரு பேச்சறிதல் மென்பொருள் சீன எழுத்துகளாக மாற்றுகிறது. அந்த எழுத்துகளைப் படித்து, மொழி மாதிரி எனப்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பதில் எழுதுகிறது. எழுதிய பதிலை இன்னொரு மென்பொருள் குரலாக வாசிக்கிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணிக்கு இடப்பட்ட வேலை, நீங்கள் எந்தச் சொல்லைச் சொல்ல வந்தீர்கள் என்று ஊகிப்பதே அன்றி, அதை எப்படிச் சொன்னீர்கள் என்று குறித்துவைப்பது அன்று. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறிதல் மாதிரி 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. எத்தனையோ விதமான உச்சரிப்புகளையும் இரைச்சல்களையும் தாண்டிச் சொல்லைப் பிடிப்பதே அதன் பெருமை. பயணிக்கு இது வரம் என்றாலும், உச்சரிப்பைப் பழகும் மாணவருக்கு இதுவே இடைஞ்சல். மழலை பேசும் குழந்தையைத் தாய் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுகிறாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒன்றும் விளங்குவதில்லை. செயலி இங்கே தாயின் இடத்தில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகவே எழுதுகிறேன்; பக்கத்தில் உள்ள எண் தொனியைக் குறிக்கும் (1 உயரத்தில் சமமாக ஓடுவது, 2 ஏறுவது, 3 தாழ்வது, 4 இறங்குவது). 'ஷுவேய்3 ஜியாவ்3' என்றால் நீரில் வேகவைத்த கொழுக்கட்டை. 'ஷுவேய்4 ஜியாவ்4' என்றால் தூங்குவது. "நான் கொழுக்கட்டை சாப்பிட விரும்புகிறேன்" என்பதை நீங்கள் தூக்கத்தின் தொனியில் சொன்னாலும் செயலி கொழுக்கட்டை என்றுதான் எழுதும், ஏனென்றால் 'சாப்பிட' என்ற வினைக்குப் பின்னால் தூக்கம் வர வாய்ப்பில்லை. உணவகத்துப் பணியாளும் இந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்வார் என்பது உண்மைதான். ஆனால், சூழலே துணைக்கு வராத இடங்கள் வியாபாரத்தில் ஏராளம், அவற்றில் முதன்மையானது விலை.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. "நான் எந்தத் தொனியில் சொன்னேன் என்று ஒவ்வொரு அசைக்கும் எண் போட்டுக் காட்டு" என்று சிலர் செயலியிடம் கேட்கிறார்கள், அதுவும் மறுக்காமல் அழகாக எழுதிக் காட்டுகிறது. அது எழுதிக் காட்டுவது அகராதியில் உள்ள தொனியை. குரல் எழுத்தாக மாறிய அந்தக் கணத்திலேயே உங்கள் சுருதி தொலைந்துவிட்டது. அதற்கப்பால் மொழி மாதிரியின் கையில் இருப்பது பிழையற்ற எழுத்துகள் மட்டுமே. ஆகவே "மிகச் சரியாகச் சொன்னீர்கள்" என்ற பாராட்டு உங்கள் குரலைப் பற்றியதே அல்ல. 2024 மே மாதம் வெளிவந்த ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4ஓ முதலாக, குரலை எழுத்தாக்காமல் நேரடியாகவே கேட்கும் மாதிரிகளும் வந்திருக்கின்றன. அவற்றின் காதில் சுருதி விழுகிறது என்றாலும், பொருளைப் பிடித்துக்கொண்டு உரையாடலை நகர்த்துவதே அவற்றின் இயல்பாக இருப்பதால், தொனித் தீர்ப்புக்கு அவற்றையும் நான் நம்ப மாட்டேன்.

சரி, தொனியை எதைக் கொண்டு சோதிப்பது? கைப்பேசியின் விசைப்பலகையில் சீனக் குரல் உள்ளீட்டைத் திறந்து, இரு பொருளும் பொருந்தும் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். 'மாய்3' என்றால் வாங்குவது, 'மாய்4' என்றால் விற்பது. "வோ3 யாவ்4 மாய் ஜெ4கெ" என்பதற்கு "இதை வாங்க வேண்டும்" என்றும் "இதை விற்க வேண்டும்" என்றும் இரு பொருளும் இயல்பாகவே பொருந்தும். திரையில் எந்த எழுத்து விழுகிறது என்று கவனியுங்கள். எளிமையாக்கப்பட்ட எழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே, விற்பதற்கான எழுத்தின் தலையில் மட்டும் கூட்டல் குறி போல ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். இந்தச் சோதனையின் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வாக்கியத்தில் மென்பொருள் இயல்பாகவே 'வாங்க' என்ற பக்கம் சாயும். ஆகவே வாங்கும் எழுத்து விழுந்தால் உங்கள் மூன்றாம் தொனி சரி என்று பொருளில்லை, விற்கும் எழுத்து திரும்பத் திரும்ப விழுந்தால் உங்கள் நான்காம் தொனி தெளிவாக இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

அதைவிடத் திட்டமான வழி, சுருதியைக் கண்ணால் பார்ப்பது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கணினியில் உங்கள் குரலைப் பதிந்து திறந்தால், சுருதியின் ஏற்ற இறக்கத்தை ஒரு கோடாகக் காட்டும். மேலே சீனரின் பதிவையும் கீழே உங்கள் பதிவையும் வைத்து ஒப்பிடுங்கள். முதல் தொனிக் கோடு உயரத்தில் சமமாக ஓட வேண்டிய இடத்தில் நம்முடையது நடு உயரத்தில் ஓடிக் கடைசியில் சரியும். ஏனென்றால் தமிழில் செய்தி வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்குவது நமக்குப் பழக்கம். கேள்வி கேட்கும்போது இதற்கு நேர்மாறாகக் கடைசி அசையைத் தூக்கிவிடுகிறோம்; "விற்கிறாயா?" என்ற நோக்கில் 'மாய்4' என்பதைக் கேள்விச் சாயலோடு முடித்தால் இறங்க வேண்டிய தொனி ஏறுகிறது. இது பிராட் திரையில் பளிச்சென்று தெரியும், செயலியோ ஒரு வார்த்தை சொல்லாது.

மூன்றாம் தொனியைப் பற்றி ஒரு குறிப்பு. பாடநூல் அதை இறங்கி ஏறும் வளைவாக வரைந்திருக்கும். ஆனால் பிற தொனிகளுக்கு முன்னால் வரும்போது அது ஏறுவதில்லை, தாழ்ந்த குரலாக மட்டும் ஒலிக்கும். இன்னொரு மூன்றாம் தொனிக்கு முன்னால் வந்தால் இரண்டாம் தொனியாகவே மாறிவிடும். செயலியிடம் "மெதுவாகப் பேசு" என்று கேட்டால் அசைகளைப் பிரித்து இழுத்துச் சொல்லும் ஆபத்து இருக்கிறது. அப்போது உங்கள் காதில் பதிவது கடைத்தெருவில் யாரும் பேசாத வடிவம். மெதுவாகப் பேசச் சொல்வதைவிட, இயல்பான வேகத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசச் சொல்வது நல்லது.

மெய்யொலிகளில் தமிழருக்கு ஒரு சாதகம் இருக்கிறது, ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பதால் அதை நாமே இழக்கிறோம். சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறையே பின்யின். அதில் ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தைக் கொண்டு எழுதப்படும் ஒலி, 'பஸ்' என்பதன் முதல் ஒலி அன்று. 'பழம்' என்பதன் முதல் ஒலி. அதேபோல ஏழாம் எழுத்தால் எழுதப்படுவது 'கேஸ்' என்பதன் தொடக்கம் அன்று, 'கடை' என்பதன் தொடக்கம். இவற்றோடு ஒரு மூச்சைச் சேர்த்து வெளியே தள்ளினால் இவற்றின் இணை ஒலிகள் கிடைக்கும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால், ஒன்றுக்குத் தாள் அசையக் கூடாது, மற்றதற்கு அசைய வேண்டும். 'ரென்2', அதாவது மனிதர், என்பதன் முதல் ஒலி நம் ரகரத்தைவிட ழகரத்துக்கு அருகில் இருப்பது. வேற்று நாட்டார் பலரும் தடுமாறும் அந்த இடத்தில் நமக்குச் சிரமம் குறைவு. சிரமம் சொல்லின் இறுதியில் வரும் ஙகரத்தில் இருக்கிறது. 'பெய்ஜிங்' என்று முடிக்கும்போது ஒரு ககரத்தையோ உகரத்தையோ ஒட்டாமல் நம்மால் நிற்க முடிவதில்லை.

இவ்வளவும் செயலியின் குறைகள். இனி அதன் உண்மையான பயன்.

தெரிந்த சொல் வேண்டிய நேரத்தில் நாவுக்கு வருவதற்கு, அதே காட்சியைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப நடித்துப் பார்ப்பதைவிட வேறு வழியில்லை, அந்தச் சலிப்பைத் தாங்கக்கூடிய மனித ஆசிரியர் அரிது. இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் சீனரின் செய்திச் செயலியான வீசாட்டும் ஒன்று என்பதால், சீன வியாபாரிகளோடு குரல் செய்தி அனுப்பிப் பழகும் வழியும் நமக்கு அடைபட்டிருக்கிறது. அந்த இடத்தை ஓரளவு இது நிரப்பும். ஆனால், "என்னோடு சீனத்தில் பேசு" என்று மட்டும் சொன்னால், வானிலை, பொழுதுபோக்கு, பிடித்த உணவு என்று பாடநூலின் முதல் பத்துப் பக்கங்களையே அது சுற்றிக்கொண்டிருக்கும். காட்சியை நீங்கள்தான் கட்ட வேண்டும். நான் பரிந்துரைக்கும் கட்டளை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நீ யீவூ சந்தையில் குடை விற்கும் கடைக்காரர். நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கும் கொள்முதல்காரர். ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியம் பேசு. அது பன்னிரண்டு எழுத்துகளைத் தாண்டக் கூடாது. முதல் விலை 18 யுவான். நான் மூன்று முறையாவது பேரம் பேசாமல் இறங்காதே. 14-க்குக் கீழே எக்காரணம் கொண்டும் தராதே. என்னைப் பாராட்டாதே, நடுவில் திருத்தாதே. நான் சொன்னது விளங்காவிட்டால் கடைக்காரர் கேட்பதுபோல 'என்ன?' என்று மட்டும் கேள். 'முடிந்தது' என்று நான் தமிழில் சொன்ன பிறகு, என் வாக்கியங்களில் மிக மோசமான மூன்றை மட்டும் எடுத்து, கடைக்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படி மாற்றிக் காட்டு."

இதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் காரணம் உண்டு. கீழ்விலை விதிக்காவிட்டால் செயலி முதல் கேள்விக்கே விலையைக் குறைத்து உங்களை மகிழ்விக்கும், யீவூவில் அப்படி யாரும் இல்லை. வாக்கிய நீளத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் கட்டுரை வாசிப்பதுபோல் பேசும். உண்மையான பேச்சில் 'ஷிங்2' (சரி), 'கெ3யி3' (முடியும்), 'நா4 ஹாவ்3 பா' (சரி, போகட்டும்) என்று மூன்று அசைக்குள்ளேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். மூன்று திருத்தம் என்று வரம்பு வைக்காவிட்டால் பதினைந்து திருத்தங்கள் வரும், ஒன்றும் மனத்தில் நிற்காது. குரல் உரையாடலில் நீங்கள் யோசிக்க இரண்டு நொடி நிறுத்தினாலே, பேசி முடித்துவிட்டீர்கள் என்று எண்ணி அது குறுக்கே பேசத் தொடங்கும். பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசும் வசதி இருக்கும் செயலியைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. முதல் சுற்றில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். திரையில் பின்யின் ஓடினால் காது வேலை செய்யாது.

அதே காட்சியை மறுநாள் சற்று மாற்றுங்கள். சரக்கு இருப்பில் இல்லை என்று சொல்லட்டும். குறைந்தபட்ச ஆர்டர் அளவு, ஒரு பெட்டிக்கு எத்தனை, மாதிரிக்குக் காசு உண்டா, எத்தனை நாளில் தயாராகும் என்ற நான்கும் பேச்சில் வந்தே ஆக வேண்டும் என்று விதியுங்கள். 75,000-க்கும் மேற்பட்ட கடைகள் கொண்டது யீவூ சந்தை. அங்கே நீங்கள் எந்தக் கடையில் நின்றாலும் இந்த நான்கைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

எண்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். 'யி4 பாய்3 வூ3' என்று ஒருவர் சொன்னால் அது 105 அன்று, 150. 105-க்கு நடுவில் 'லிங்2' என்ற சுழியம் வர வேண்டும். 'லியாங்3 சியான்1 ஸான்1' என்பது 2,300. பேச்சில் யுவான் என்று சொல்பவர் குறைவு, 'குவாய்4' என்பதே புழக்கம். 'லியாங்3 குவாய்4 வூ3' என்றால் இரண்டரை யுவான். செயலியோ, நீங்கள் சொல்லாதவரை, நூற்று ஐம்பது யுவான் என்று முழுமையாகவே உச்சரிக்கும், ஆகவே "விலைகளைக் கடைக்காரர் சொல்வதுபோலச் சுருக்கிச் சொல்" என்று கேட்டு வாங்க வேண்டும். பத்தாயிரத்தை 'வான்4' என்று ஓர் அலகாக வைத்து எண்ணுவது அவர்கள் முறை. ஒரு லட்சம் என்பது 'ஷி2 வான்4', அதாவது பத்துப் பத்தாயிரம். இந்த மாற்றம் மனக்கணக்கில் தானாக வரும்வரை செயலியை எண்களைச் சொல்லச் சொல்லி இலக்கத்தில் எழுதிப் பழகுவது, நான் அறிந்தவரை, அதன் ஆகச் சிறந்த பயன்.

ஆனால் கடைக்காரர் செயலியின் குரலில் பேச மாட்டார். யீவூ இருப்பது ஜெஜியாங் மாகாணத்தில். அப்பகுதியினரும் தென்சீனர் பலரும் நாவை வளைத்துச் சொல்லும் ஷகரத்தை ஸகரமாகவே ஒலிப்பார்கள். செந்தரப் பேச்சில் 'ஸி4' என்றால் நான்கு, 'ஷி2' என்றால் பத்து. 14 என்பது 'ஷி2 ஸி4', 40 என்பது 'ஸி4 ஷி2'. ஷகரம் போய்விட்டால் 14-க்கும் 40-க்கும் இடையே மிஞ்சுவது தொனிகளின் வரிசை ஒன்றுதான். தொனியைக் கேட்கும் காதைச் செயலிக்கு வெளியேயும் வளர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. செயலியை அந்த உச்சரிப்பில் பேசச் சொன்னால் ஒப்புக்கொள்ளும், ஆனால் குரல் பழைய செந்தரத்திலேயே தொடரக் கூடும். அதற்குப் பதில் யீவூ வியாபாரிகள் தாமே பதிவிடும் காணொளிகளைக் கேளுங்கள். நேரில் ஐயம் வந்தால் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டச் சொல்வதில் வெட்கம் இல்லை. அவர்களே அப்படித்தான் காட்டுகிறார்கள்.

வாக்கிய அமைப்பில் நீங்கள் செயலிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு கட்டளை, "என்னை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கச் சொல்லாதே" என்பது. வினை நடுவில் வருவதைத் தவிர, சீன வாக்கியத்தின் நடை பல இடங்களில் தமிழோடு ஒத்துப்போகிறது. "நேற்று வாங்கிய குடை" என்பதை "ஸுவோ2தியான்1 மாய்3 தெ ஸான்3" என்று அதே வரிசையில் சொல்லலாம். ஆங்கில வழியாகப் போனால் குடையை முன்னால் கொண்டுவந்துவிட்டுத் திண்டாட வேண்டும். காலமும் இடமும் வினைக்கு முன்னால் வருவது, கேள்வி எழுத்து இறுதியில் ஒட்டுவது, 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு வடசீனப் பேச்சில் இருப்பது, அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிச் சொல் இருப்பது எல்லாம் நமக்கு ஏற்கெனவே பழகியவை. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் வரும் அளவுச் சொற்கள் மட்டும் தனியாக உழைத்துப் பழக வேண்டியவை. திருத்தக் கேட்கும்போது அவற்றையே முதலில் கவனிக்கச் சொல்லுங்கள். இலக்கண விளக்கத்தைத் தமிழிலேயே கேட்கலாம் என்றாலும், சொல்லின் தொனியை ப்ளீகோ போன்ற அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரே எழுத்து இடத்துக்கேற்ப 'ஷிங்2' என்றும் 'ஹாங்2' என்றும் ஒலிக்கும் மொழி இது. குரல் வாசிப்பு மென்பொருள் சில சமயம் தவறானதைத் தேர்ந்தெடுத்துவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் தம் ஊர்ப் பேச்சு வேறு என்பதையும் செயலியிடம் சொல்லிவிட வேண்டும். டாக்சிக்குச் சீனாவில் ஒரு சொல், தைவானில் வேறொன்று, சிங்கப்பூரில் மூன்றாவது.

மனித ஆசிரியரை முழுவதும் தவிர்க்க வழியில்லை, ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். இணையவழியில் பாடம் எடுக்கும் சீன ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தை அரட்டைக்குச் செலவழிக்காதீர்கள், அதற்குச் செயலி இருக்கிறது. அந்த வாரம் செயலியோடு நடித்த காட்சியின் ஒலிப்பதிவை எடுத்துச் சென்று, "இதில் எந்த அசையைக் கேட்டதும் உங்களுக்கு வேறு சொல் தோன்றியது?" என்று கேளுங்கள். உங்கள் வாக்கியத்தை எழுத்தில் காட்டாமல் முதலில் காதால் மட்டும் கேட்கச் செய்வது முக்கியம். எழுத்தைப் பார்த்துவிட்டால் அவர் காதும் செயலியின் காதுபோலவே இரக்கப்பட ஆரம்பித்துவிடும்.

பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை இரண்டு. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை சீனாவின் இணையத்தில் திறக்காது; அங்கே புழங்குவது டௌபாவ், டீப்சீக் போன்ற உள்நாட்டுச் செயலிகள். ஆகவே காட்சிக் கட்டளைகளையும் சொற்பட்டியலையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி கைப்பேசியில் சேமித்து வையுங்கள், அகராதியையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது முன்பணம் பற்றியது. 'டிங்4ஜின்1' என்று ஒரே ஒலியில், ஒரே தொனியில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று சீனக் குடிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள உறுதிப் பணம். கொடுத்தவர் பின்வாங்கினால் திரும்பக் கிடைக்காது, வாங்கியவர் பின்வாங்கினால் இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும், ஒப்பந்த மதிப்பில் 20 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. மற்றது வெறும் முன்தொகை, அதற்கு இந்த விதி இல்லை. பேச்சில் இரண்டையும் செயலியாலும் பிரிக்க முடியாது, சீனராலும் முடியாது. ரசீதில் எந்த எழுத்து எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.